பாய் கட்டிய சைக்கிள்

என் மகள் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். நாற்பது வயதில். வாங்கியதோடு விட்டாளா, அதை ஹாலில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் கொக்கி அடித்து மாட்டியும் விட்டாள். போன வருஷம் நான் ஒரு முருகர் படம் மாட்டக் கேட்டபோது, ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்துவிடும், வீட்டுக்காரர் கத்துவார் என்று சொன்ன அதே மகள்தான். முருகர் இன்னும் பீரோ மேல் சாய்ந்து நிற்கிறார். சைக்கிள் சுவரில் தொங்குகிறது.

அதைச் சைக்கிள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை என்பது வேறு விஷயம். ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை. செயின் கவர் இல்லை. ஹாண்டில்பார் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்து கீழே போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள், ரோட்டில் எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுகிறவர்களைப் போலத்தான் போகிறார்கள். முக்கியமாகக் கேரியர் இல்லை. "கேரியர் எங்கம்மா?" என்று கேட்டேன். "அது சும்மா வெயிட்டுப்பா. எதுக்கு அது?" என்றாள். எதுக்கு அது என்று கேட்கிறவளிடம் நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு கிளம்பிவிடுகிறாள். ஒரு வாரம் ஏலகிரிப் பக்கம், ஒரு வாரம் பாலாற்றங்கரை. ஏற்றமும் இறக்கமுமாக இருந்தால்தான் ஓட்ட ருசியாக இருக்குமாம். போன ஞாயிறு என்ன தோன்றியதோ, ஏற்றமும் இல்லாத இறக்கமும் இல்லாத எங்கள் ஊர்ப் பக்கம், பழவேற்காடு வரைக்கும் போய்வந்தார்கள். அதுவும் தூங்கி வழிந்து லேட்டாகக் கிளம்பி. வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்க ஊர்க் காத்து கொன்னுடுச்சுப்பா. செம ஹெட்விண்டு. இங்க பாருங்க" என்று போனை நீட்டினாள். அதில் ஒரு அம்புக்குறி இருந்தது. காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று எனக்கே காட்டுகிறது.

எரிச்சலாக வந்தது. வெயில் ஏறினால் அங்கே கடல்காற்று எதிரே வரும் என்று சொல்ல ஒரு போன் வேண்டுமா? வீட்டில் ஒரு ஆள் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், கேட்டால் சொல்லியிருக்க மாட்டேனா? ஆனால் அவள் ஷூவைக் கழற்றியபோது வாயை மூடிக்கொண்டேன். ஷூவின் அடியில் ஏரிச் சேறு. கையில் எனக்கென்று வாங்கிவந்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். இரண்டும் சேர்ந்து அடித்த வாசனையில் எனக்கு டீத்தூள் ஞாபகம் வந்தது.

கருவாட்டு வாசனைக்கும் டீத்தூளுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? எழுபதுகளின் கடைசியில் நான் பொன்னேரியில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு டீத்தூள் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு முதலாளி, ஒரு தராசு, ஒரு கறுப்பு சைக்கிள், நான். சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியை வைத்துக் கட்டி, காட்டூரில் தொடங்கிப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை உள்ள டீக்கடைகளுக்கெல்லாம் தூள் போடவேண்டும். குப்பங்களுக்குப் போனால் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். ஒரு ஓலைப்பையில் கருவாடு கட்டிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் கோபம் வரும். வாங்கிப் பெட்டிமேல் வைத்தால், அடுத்த ஊர் டீக்கடையில் டீ கருவாடு நாறுகிறது என்று கோபம் வரும். இந்த இரண்டு கோபத்துக்கும் நடுவில்தான் நான் சைக்கிள் மிதித்தேன்.

அந்தச் சைக்கிளும் லேசுப்பட்டதல்ல. உப்புக்காற்றில் நிற்கிற எந்த இரும்புக்கும் வருகிற சொறி அதற்கும் வந்திருந்தது. எவ்வளவு தேங்காய் எண்ணெய் தடவினாலும் செயின் அழும். பிரேக்கு பிடித்தால் பிடித்தது, இல்லாவிட்டால் கால்தான். மலை மலை என்கிறாளே என் மகள், எங்களுக்கு மலை என்றால் மதகு மேடுதான். ஆரணி ஆறு கிட்டே வருவதும் விலகுவதுமாகக் கிழக்கே போகும். அதிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள் ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிற இடத்திலெல்லாம் ஒரு மதகு, மதகுக்கு ஒரு மேடு. இறங்கித் தள்ளவேண்டிய உயரம் இல்லை. ஆனால் எதிர்க்காற்றில் பெட்டியோடு ஏறிப் பார்த்தால் தெரியும்.

இந்தச் சைக்கிளுக்கும் எனக்கும் வந்து வாய்த்தவன்தான் எல்லப்பன். என் தங்கை தேசம்மாவின் புருஷன். எங்கள் குப்பத்துக்காரன்தான். எங்களைப் போலவே ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். என் நைனா மட்டும், ஏரி என்னோடு போகட்டும் என்று சொல்லி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார். எல்லப்பனை யாரும் எங்கும் விரட்டவில்லை. எந்தக் காற்றிலும் படகு விடுவான். பாய் கட்டினான் என்றால் படகு தானே வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்வார்கள். ஆனால் சைக்கிள் ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "ரெண்டு சக்கரத்துல எதுவும் நிக்காது மச்சான், சாயத்தான் சாயும்" என்பான். ஓட்டமாட்டானே தவிரக் கேரியரில் உட்கார்வதில் அவனுக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. உட்கார்ந்துகொண்டு எனக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுப்பான்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு, அது என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏரி எல்லாருக்கும் பொது. ஆனால் மீன் ஓடுகிற இடங்கள் சிலதான். எல்லாரும் அங்கேயே போய் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இடங்களைப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டு எடுத்து, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று முடிவு செய்வார்கள். அதுதான் பாடு. கல்யாணமான ஆம்பிளைக்குத்தான் சீட்டு. அம்மன் கோயில் முன்னால் பெரியதனம், அதாவது குப்பத்துத் தலைவர், பேர் கூப்பிடுவார். ஆள் கரையில் நிற்கவேண்டும். சரக்கடித்துவிட்டு வந்தால் கிடையாது. அண்ணன் எடுக்கிறேன், அப்பன் எடுக்கிறேன் என்றாலும் கிடையாது. ஒருவன் ஏரிக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறான் என்று வையுங்கள், அவன் படகின் பாய் கரையில் நிற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தால் வந்த கணக்கு. காற்று விழுந்து படகு நின்றால் அது அவன் தப்பில்லையே. பாயும் தெரியவில்லை, ஆளும் இல்லை என்றால் அடுத்த வருஷம்தான்.

நான் சொல்கிற வருஷம்தான் எல்லப்பனுக்குக் கல்யாணமாகி முதல் சீட்டு. சொந்தப் பாடு இல்லாதவன் அண்ணன் படகில் கையாளாகப் போகவேண்டியதுதான். அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அந்த வீட்டு அடுப்பு அண்ணிக்காரியுடையது. என் தங்கை தண்ணீர் சுமக்கலாம், மீன் ஆயலாம், பாத்திரம் கழுவலாம். குழம்பில் உப்புப் போட அவளுக்கு உரிமை இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒருநாள் டீத்தூள் போடக் குப்பத்துக்குப் போனபோது, சைக்கிள் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு ஒரு அடுப்பு இருந்தா போதும் ணா. வேற ஒன்னும் வேணாம்" என்றாள். அழவெல்லாம் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

சீட்டு எடுக்கிற நாளும் வந்தது. சாயங்காலத்துக்குச் சற்று முன்னால், வெயில் சாய்ந்ததும் பேர் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் காலையில் நான் பொன்னேரி ரூமில் பெட்டியில் தூள் நிரப்பிக்கொண்டிருந்தேன். வாசலில் எல்லப்பன் வந்து நிற்கிறான். வெள்ளை வேட்டி, தலையில் எண்ணெய், வாயெல்லாம் பல்.

"இன்னா மாப்ளே, இன்னிக்கி சீட்டாச்சே? இங்க இன்னா பண்ற?" என்றேன்.

"ஸ்டவ்வு வாங்கத்தான் வந்தேன். பகல் பஸ்ஸுக்குப் போய்டுவேன்" என்றான்.

சீட்டே இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் எந்த இடம் வருமோ தெரியாது. அதற்குள் தனி அடுப்புக்கு ஸ்டவ்! அதையும் அன்றைக்குத்தானா வாங்கவேண்டும்? கேட்டால், "சீட்டு எடுத்துட்டு நேரா ஸ்டவ்வ அவ கைல குடுத்தா எப்டி இருக்கும், சொல்லு" என்கிறான். இப்படிக் கேட்கிறவனிடம் என்ன சண்டை போடுவது?

கடைத்தெருவில் ஒரு திரி ஸ்டவ்வை வாங்கினோம். வாங்கினோமா, வந்தோமா என்று இருக்கக்கூடாதா? அது எரிகிறதா என்று பார்க்கவேண்டும் என்றான். கடைக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துக் காட்டினார். ஒரு திரி கொஞ்சம் மஞ்சளாக எரிகிறது என்றான். அவர் திரியைக் கத்தரித்தார். மறுபடி பற்றவைக்கச் சொன்னான். அப்புறம் பக்கத்துக் கடை ஸ்டவ்வையும் பற்றவைத்து இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றான். நாங்கள் நெருப்பைப் பார்த்து முடித்தபோது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பொழுதுசாயத்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவன் ஸ்டவ்வை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "பஸ்ஸு போனா இன்னா? நீதான் கீறியே மச்சான்."

நான்தான் இருக்கிறேனே! டீத்தூள் பெட்டியை அவிழ்த்து ரூமில் போட்டேன். அன்றைக்குத் தூள் கேட்டிருந்த கடைகளுக்கெல்லாம் மறுநாள் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே கேரியரைத் துடைத்தேன். அவன் ஏறி, மடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு, "போலாம்" என்றான். மாட்டுவண்டிக்காரனிடம் சொல்வதுபோல.

ஊர் எல்லை தாண்டியதும் காற்று பிடித்தது. நேர் எதிர்க்காற்று. வெயில் காலத்துக் கடல்காற்று மெதுவாகத் தடவிக்கொடுக்கிற ஜாதி இல்லை, நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். நான் குனிந்து மிதிக்கிறேன். பின்னால் எல்லப்பன் முதுகை நிமிர்த்தி, அகலமாக உட்கார்ந்து, அந்தக் காற்றை முழுசாக வாங்குகிறான். "குனி மாப்ளே, காத்து உன் மேலதான் மோதுது" என்றால், "நல்லா ஜிலுஜிலுனு கீது மச்சான்" என்கிறான். மதகு மேடு வந்தது. இறங்கி நட என்றேன். ஸ்டவ்வில் எண்ணெய் இருக்கிறது, நடந்தால் ஆடும், சிந்தும் என்றான். ஆள், ஸ்டவ், எண்ணெய் எல்லாவற்றோடும் மேட்டில் ஏற்றினேன்.

திருப்பாலைவனத்தில் காதர் சாயபு டீக்கடைமுன்னால் கண்ணில் படாமல் போய்விடலாம் என்று பார்த்தேன். முடிகிற காரியமா? ரோட்டுக்கே வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, போன வாரத் தூளு ஒரே கருவாட்டு கப்பு. வர்றவன்லாம் டீக்கு பதிலு சோறு கேக்கறான்!" என்றார். அவசரம் சாயபு, பாடுச் சீட்டு, நாளைக்கு வருகிறேன் என்று நான் மன்றாடுகிறேன். பின்னால் பார்த்தால் கேரியர் காலி. எல்லப்பன் பெஞ்சில் குந்திவிட்டான். "அந்தத் தூள்லயே ஒன்னு போடு சாயபு, நாத்தம் கீதானு நான் பாத்துச் சொல்றேன்" என்கிறான். டீ வந்தது. உறிஞ்சிப் பார்த்தான். "நாறுது மச்சான். ஆனா நல்லாக் கீது" என்று தீர்ப்புச் சொன்னான். சாயபு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. கோயில் பக்கம் தேசம்மா நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அங்கிருந்து கிளம்பியபோது காற்று இன்னும் ஏறிவிட்டது. நடந்து போகிறவன் எங்களை முந்துகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். அப்போதுதான் எல்லப்பனுக்கு என் ஓட்டுமுறையில் உள்ள குறை விளங்கியது.

"எதிர்க்காத்துல எவனாவது நேரா போவானா மச்சான்? அதான் வண்டி நவுராம கீது. குறுக்க வுடு. அந்தாண்ட ஓரம் போ, அப்பால இந்தாண்ட ஓரம் வா. நான் பாய் புடிக்கறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வேட்டியை அவிழ்த்துவிட்டான். உள்ளே அரை டிராயர் இருந்தது, அம்மன் புண்ணியம். ஸ்டவ்வை முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வேட்டியின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, இன்னொரு முனையைக் கையில் விரித்துப் பிடித்தான். ஏரிக்காரர்கள் படகை எதிர்க்காற்றில் அப்படித்தான் கொண்டுவருவார்கள், குறுக்கே குறுக்கே பாய் மாற்றி. படகுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் அகலம் இருக்கிறது. எனக்கு ஒரு மாட்டுவண்டி அகல ரோடுதான் இருந்தது. அவன் போட்ட கூச்சலில் நானும் குறுக்கே திருப்பித் தொலைத்தேன். கொஞ்ச தூரம் சைக்கிள் உண்மையிலேயே ஓடியதுபோல் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இன்றைக்கும் இஷ்டமில்லை. "பாத்தியா! இப்ப பாய் மாத்தறேன், திருப்பு!" என்றான். வேட்டி என் தலையைச் சுற்றியது. உலகம் வெள்ளையானது. அப்புறம் வாய்க்கால்.

தண்ணீர் அதிகமில்லை, சேறு நிறைய. எழுந்து பார்த்தால் செயின் கழன்று தொங்குகிறது. ஸ்டவ்வின் ஒரு கால் உள்பக்கம் மடங்கிப்போயிருந்தது. எல்லப்பன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல்முறையாக அவன் முகத்திலிருந்து பல் காணாமல் போயிருந்தது. நான் அவனைத் திட்டினேன். சாயபு கடை டீயிலிருந்து அவன் பரம்பரை வரைக்கும் வரிசையாகத் திட்டினேன். அவன் ஸ்டவ்வின் காலை நிமிர்த்தப் பார்த்தான், நிமிரவில்லை. கடைசியில், "அவ என்னைக் கேக்கவே மாட்டா மச்சான். அதான் பேஜாரு" என்றான். அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. செயினை மாட்டினேன்.

ஏரி தெரிகிற இடத்தில் எங்கள் குப்பத்துக்குப் பிரிகிற பாதை இடதுபக்கம் திரும்பும். அங்கிருந்து ஏரிக்கரைமேலேயே வடக்கே போகவேண்டும். வெட்டவெளி. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் கோயில் வேப்பமரம் தெரியும். திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்தது. கொஞ்சம் தெற்கு கலந்த காற்று அது. எல்லப்பன் குதித்து இறங்கினான். ஓரத்தில் யாரோ வெட்டிப்போட்ட சவுக்குக் கொம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

"வேணாம் மாப்ளே. கால்ல வுழறேன்" என்றேன்.

"இது பின்காத்து மச்சான். இதுக்குப் பாய் மாத்தற வேலையே இல்ல" என்றான்.

கொம்பைக் கேரியரில் நிறுத்திக் கட்டினான். சேறு அப்பிய வேட்டியை ஏரித் தண்ணீரில் அலசி உதறி, அதில் விரித்துக் கட்டினான். முடிச்சுப் போடுகிற அந்தக் கைகளைப் பார்த்தால் அதுவரை என் கேரியரில் உட்கார்ந்து தொல்லை கொடுத்த ஆளின் கைகள் என்று நம்பமுடியாது. ஏறி உட்கார்ந்தான். காற்று வேட்டியை நிரப்பியது. நான் மிதிக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பெடல் தானாகச் சுற்றுவதுபோல் சைக்கிள் பறந்தது.

அந்த நேரத்தில் கோயில் முன்னால் நடந்ததைத் தேசம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். பெரியதனம் பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்து, "எல்லப்பன்" என்றாராம். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாராம். அவன் கூடப்பிறந்த அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். தம்பிக்குப் பாடு கிடைத்தால் அவன் படகுக்குக் கையாள் போய்விடுவானே. அடுத்த பேருக்குப் பெரியதனம் வாயைத் திறந்தபோது, பெண்கள் பேசக்கூடாத அந்த இடத்தில் என் தங்கை, "பாய் தெரிது!" என்று கத்தினாள்.

எல்லாரும் ஏரியைப் பார்த்தார்கள். ஏரியில் ஒன்றுமில்லை.

"ஏரில இல்ல. கரைமேல பாருங்க!"

கரைமேல் ஒரு வெள்ளைப் பாய் வந்துகொண்டிருந்தது. அடியில் படகு இல்லை.

"அது வேட்டி" என்றானாம் ஒருவன். "துணி தானே? பாயி இன்னா தகரத்துலயா தைக்கிறோம்?" என்றாராம் பெரியதனம். படகு எங்கே என்று அண்ணன்காரன் கேட்டான். அதற்கு அவர் சொன்னதைத் தேசம்மா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்: "படகு தெரியணும்னு நம்ம பெரியவங்க எங்கடா சொன்னாங்க? பாய் தெரிஞ்சா வந்த கணக்கு. தெரிதா இல்லியா, அத்தச் சொல்லு." தெரிது என்றார்களாம் எல்லாரும். அண்ணனும்.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. எங்களுக்கு இருந்த கவலை வேறு. பிரேக்கு பிடிக்கவில்லை. பாயை இறக்கு என்று நான் கத்துகிறேன், முடிச்சு ஈரத்தில் இறுகிவிட்டது என்று அவன் கத்துகிறான். நெத்திலி காயப்போட்டிருந்த மணலில் புகுந்து, வலையில் சிக்கி, கோயில் முன்னால் போய் விழுந்தோம். பெண்கள் நெத்திலிக்காக என்னைத்தான் வைதார்கள். ஓட்டியவன் நான்தானே! எல்லப்பன் உடம்பெல்லாம் மீன் ஒட்டிக்கொள்ள, அரை டிராயரோடு எழுந்துபோய்ச் சீட்டை எடுத்தான்.

என்ன வந்தது தெரியுமா? சேற்றுப் பாடு. ஏரியிலேயே சோம்பேறி இடம். மீன் வழிதப்பி வந்தால்தான் உண்டு. இதற்காகவா வாய்க்காலில் விழுந்தோம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனோ சீட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறான், முதல் இடம் வந்ததுபோல.

தேசம்மா ஸ்டவ்வை வாங்கிப் பார்த்தாள். மடங்கின காலைப் பார்த்தாள். எப்படி ஆச்சு என்று அவள் கேட்கவே இல்லை. ஒரு ஓட்டுத்துண்டைத் தேடி எடுத்துக் காலுக்கு முட்டுக்கொடுத்து, அன்றைக்கே குடிசையின் பின்தாழ்வாரத்தில் குழம்பு வைத்தாள். பாத்திரம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. குழம்பில் உப்பு கரித்தது. வாயில் வைக்கமுடியாத கரிப்பு. நானும் எல்லப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் சாப்பிட்டோம்.

அதற்குப்பிறகு எண்பதுகள் முழுக்க ஒரு வழக்கம் ஏற்பட்டது. குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் கரைப்பாதை திரும்பியதும் நான் ஒரு கொம்பில் துண்டைக் கட்டிச் சைக்கிளில் நிறுத்திக்கொள்வேன். எல்லப்பன் போட்ட சட்டம் அது. "பாயக் காட்டிட்டு வா மச்சான். அவ ஒல வைக்கணும் இல்ல?" என்பான். வளர்ந்த ஆம்பிளை, டீத்தூள் பெட்டியோடு, துண்டைப் பறக்கவிட்டுக்கொண்டு போனால் எவன் சிரிக்கமாட்டான்? சலித்துக்கொண்டேதான் கட்டுவேன். ஆனால் போய் இறங்குகிறபோது சோறு கொதித்துக்கொண்டிருக்கும். எல்லப்பன் வேப்பமரத்தடியில் நின்று, ஏதோ தூரதேசத்துக் கப்பலை வரவேற்பதுபோல் கையை ஆட்டுவான்.

சென்னையில் வேலை கிடைத்துப் போனபோது சைக்கிளை முதலாளியிடம் விட்டேன். அப்புறம் அது என்ன ஆனது என்று தெரியாது, துருவாகிப் போயிருக்கும். ஏரியில் பாய் கட்டுகிறவர்களும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். எஞ்சின் வந்தது, பைபர் படகு வந்தது. முகத்துவாரம் தூர்ந்து தூர்ந்து ஏரியின் ஆழமும் போனது. கரைப்பாதையில் தார் போட்டார்கள். வெட்டவெளியாக இருந்த இடத்தில் கருவேலம் முளைத்துக் கோயிலை மறைத்துவிட்டது. மகளும் அவள் கூட்டாளிகளும் அந்தப் பாதை வரை போய்த்தான் திரும்பியிருக்கிறார்கள். ரோடு சூப்பர் என்கிறாள்.

எல்லப்பன் செத்துச் சில வருஷமாகிறது. ராத்திரி தூங்கியவன் காலையில் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. கார் பிடித்துக் கிளம்பினேன். மீஞ்சூர் தாண்ட முடியவில்லை. முன்னாலும் பின்னாலும் கண்டெய்னர் லாரிகள், ஒரு சக்கரம்கூட நகரவில்லை. டிரைவர் ஏ.சி.யைக் கூட்டினார். மடியில் மாலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேரை எத்தனை தடவை போனில் கூப்பிட்டேனோ! இதோ வந்துவிட்டேன், இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசலில் பந்தல் மட்டும் இருந்தது. தேசம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபமில்லை.

"உனக்கோசரம்தான் நிறுத்தி வெச்சினு இருந்தோம் ணா. எல்லாரும் கரையவே பாத்துகினு இருந்தாங்க. இனிமே தாங்காது, எடுத்துடலாமானு பெரியவங்க கேட்டாங்க. நானும் எழுந்து போய்ப் பாத்தேன். பாய் தெரில."

நான் காரில் போயிருந்தேன்.